பன்னிரண்டாம் தூணடியில் திரௌபதி

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பழவேற்காடு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கையில் இருந்த காலம். புரட்டாசி வெள்ளிக்கிழமை, கோட்டை மணி பன்னிரண்டு அடித்த உச்சிவெயிலில் நடந்தது இது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பசியாவரத்து இருசம்மாள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். அந்த வருஷம் பஞ்சம். அவள் புருஷன் அவளுக்குத் தெரியாமல் மகள் திரௌபதியை ஒரு மூட்டை அரிசிக்கு ஒல்லாந்து துரையிடம் விற்றுவிட்டான், பாவி! விற்கப்பட்டவர்களைக் கப்பலேற்றி அக்கரைச் சீமைக்கு அனுப்புவார்கள். மகளை விட்டுவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொல்லத்தான் இருசம்மாள் ஓடி வந்திருந்தாள்.

துரை வீட்டு முகப்பில் நீள வராந்தா. பன்னிரண்டு தூண். ஊர்க்காரர்கள் கால் அதைத் தாண்டி உள்ளே போகக்கூடாது.

"இங்கியே குந்து. துரை துன்னுனு கீறாரு," என்றான் காவற்காரன் பச்சைமுத்து.

"எம் பொண்ணு எங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டான்.

மணி பன்னிரண்டு அடித்தது. காற்று நின்றது.

சொட்... சொட்...

மழை இல்லை. கூரை காய்ந்து கிடந்தது. ஆனால் சுண்ணாம்புத் தரையில் ஈரக் கால்தடங்கள். அவை வாசலிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து தொடங்கிக் கடைசித் தூண்வரை போயின.

அங்கே திரௌபதி உட்கார்ந்திருந்தாள்.

தலைமுடி சொட்டச் சொட்ட. வாய் இறுக மூடி, கன்னம் உப்பி... ஏரியில் முங்கும்போது மூச்சுப் பிடிப்பாளே, அப்படி.

இருசம்மாள் ஓடினாள். பன்னிரண்டு தூண் கடந்தாள். பதினைந்து... இருபது... மகள் அதே தூரத்தில்தான் இருந்தாள்.

"அடியே! வாயத் தொறந்து பேசுடி! உங்கம்மாடி நானு!"

தலை திரும்பியது.

வாய் திறந்தது.

தண்ணீர்...

நிற்கவே இல்லை...

பச்சைமுத்து வந்து உலுக்கியபோது இருசம்மாள் முதல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். தரையில் ஈரமே இல்லை.

"யாரப் பாத்து கத்தற? கப்பலு போயி அஞ்சு நாளாச்சு," என்றான். முன்பே சொல்ல அவனுக்கு வாய் வரவில்லையாம்.

தை மாதம் சகாதேவன் திரும்பி வந்தான். அந்தக் கப்பலில் வேலைக்குப் போனவர்களில் பிழைத்தவன் அவன் ஒருவன்தான். கப்பல் மூழ்கியது அதே வெள்ளிக்கிழமை, அதே உச்சிவேளை.

"அடித்தட்டுல தண்ணி தலைக்கு மேல ஏறி ஏறி எறங்குது. உம் பொண்ணு தம் புடிச்சினு தாங்கினா. மேலருந்து கைய நீட்டிட்டேன், எட்டற தூரந்தான். திடீர்னு அந்தாண்ட திரும்பி, 'இன்னாம்மா?'ன்னு வாயத் தொறந்துட்டா."