மாடியில் வாடிய கரம் பலகை

கரம், டாம், முந்நூற்றுநாலு, இந்த மூன்று ஆட்டங்களில் எது பெரிது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாராவது ஆரம்பித்தால் மழை விட்டாலும் பேச்சு விடாது.

டாம் நல்ல ஆட்டம்தான். அட்டையில் கட்டம் கீறி சோடா மூடிகளை வைத்தால் போதும். வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆக வேண்டும் என்கிற கட்டாயம்தான் அதன் அழகு; பொறி என்று தெரிந்தும் போய் விழ வேண்டும். ஆனால் இரண்டு பேர் குனிந்திருக்க, மற்றவர்கள் கொட்டாவி விட வேண்டியதுதான். முந்நூற்றுநாலு சீட்டில் ஒன்பது ராஜாவை அடக்கும், அந்த நியாயம் எனக்குப் பிடிக்கும். ஆனால் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருக்க வேண்டுமே. "மச்சானுக்கு நல்ல சீட்டு விழுந்தா காது செவந்துரும்" என்று என் மனைவியின் தம்பி தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

பலகையில் காய் சுண்டுகிற கரத்தில் எதையும் மறைக்க வேண்டாம். நாலு பேர் ஆட, சுற்றி நிற்கிற பத்துப் பேரும் ஆடுவார்கள், வாயால்.

அப்புத்தளைப் பக்கம் அதையும் நிம்மதியாக ஆட முடியாது. மூடுபனி சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பவுடர் களியாகிவிடும். முழு பலத்தோடு சுண்டினாலும் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்று நம்மைப் பார்க்கும்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கீழ்க்கணக்கு கிளப் அறைக்கு ஆட வருகிறவர்களில் ஒரு லொறி டிரைவர் உண்டு. ஒருநாள் அவர் சொல்லிவிட்டார்: "அண்ணே, அடுத்த வாரமும் கரம் போட் இப்படியே இருந்திச்சின்னா நாங்க எறங்கி வர மாட்டோம். நீங்க ஏறி வாங்க. எங்ககிட்ட புது போட் இருக்கு."

அவர்கள் வராவிட்டால் அந்த அறை செத்துவிடும். எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் போனில் லூடோ உருட்டிக்கொண்டு கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் சத்தம் இருக்க வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான்.

பலகையைக் காய வைக்கும் பொறுப்பை மச்சினனிடம் கொடுத்தேன். அவனுக்கு தேயிலை ஃபெக்டரியில் வேலை. கொழுந்து வாட்டுகிற மேல்மாடிக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், சூடான காற்று அடிக்கிற இடத்தில் கொழுந்தோடு கொழுந்தாகப் போட்டுவிட்டான். ஞாயிறு காலையில் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தான்.

"பாருங்க மச்சான், ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"ஈரம் இல்லடா. பலகையும் இல்லியே!"

நடுப்பகுதி தாம்பாளம்போல் குழிந்திருந்தது.

"கொழுந்து வாடுனா மெத்துன்னுதானே ஆகுது," என்றான், நியாயம் கேட்கிற குரலில். கவிழ்த்துப் போட்டு அம்மிக்கல்லை ஏற்றிப் பார்த்தோம். கல்லை எடுத்ததும் பழையபடி வளைந்துகொண்டது.

மேற்கணக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டிரைவர் ஒரு காயை ஓரத்தில் நிறுத்திக் கையை விட்டார். அது தானாக உருண்டு நடுவில் போய்ப் படுத்தது.

"அட, இது தானாவே ஆடுதே! நாம எதுக்கு?"

சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்.

"டாம் ஆடுவமே," என்றேன்.

"எட்டுப் பேர் வந்திருக்கோம்ணே. ரெண்டு பேர் ஆட, மிச்சப் பேர் ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"அப்ப முந்நூத்திநாலு?"

"ஒங்க காது இருக்கறப்ப சீட்டு எதுக்குண்ணே?"

அவர்கள் திரும்பி ஏறத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களும் பின்னாலேயே போனார்கள், முதல் ஆளாக என் மச்சினன். "வாங்க மச்சான், கோவிச்சுக்காதீங்க," என்று பாதி வழியில் நின்று கத்தினான். காலி அறையைப் பூட்டிவிட்டு, திட்டிக்கொண்டே நானும் ஏறினேன்.

அந்தப் புதுப் பலகை கண்ணாடிபோல் வழுக்கியது. நல்ல பலகையென்றால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. எங்கள் கைகளோ ஈரப் பலகையில் ஓங்கிச் சுண்டியே பழகியவை. மச்சினன் அடித்த முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் கட்டையைத் தாண்டி யாரோ ஒருவரின் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. நான் மெதுவாகத்தான் அடிப்பது என்று முடிவுசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டினேன். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போனது.

"மெதுவா அண்ணே," என்றார் டிரைவர். "அவசரமே இல்ல. இனி எல்லா ஞாயிறும் இங்கதானே."