சேற்றில் நட்ட குச்சிகள்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘நண்டு டீச்சர்’ என்று பெயர். உயிரியலில் கழிமுகப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பதினோராம் வகுப்பை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கே அழைத்துப்போய்விடுவார். அக்கரைச் சேற்றில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டு, உப்பு ஏற ஏற எந்த நண்டு எங்கே வளை தோண்டுகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வார்.

அந்த வருஷம் குச்சிகள் காணாமல் போயின. மறுபடி நட்டார்கள், அவையும் போயின. அலை இழுத்திருந்தால் ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்கும்.

டீச்சரின் சந்தேகம், பிள்ளைகளை அக்கரை சேர்க்கும் படகுக்காரர் மேல் விழுந்தது. குச்சிகள் படகுக்கு இடைஞ்சல் என்று ஒருமுறை முணுமுணுத்தவர் அவர். போதாக்குறைக்கு, விசாரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கண்ணால பாத்தியா? பாக்காம எப்படி ஆளைச் சொல்ற?” என்று கணவர் கேட்டது டீச்சரின் காதில் ஏறவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி வேறு படகு பேசவைத்தார்.

குச்சிகள் அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஒரு சனிக்கிழமை நீர் வற்றிய நேரத்தில் டீச்சர் தனியாகப் போனார். சிப்பி பொறுக்கும் அம்மா ஒருவர் குச்சிகளைப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவியின் தாய் அவர்.

“ஏம்மா இப்படிப் பண்றீங்க?”

அந்த அம்மா நிமிரவில்லை. “வடக்குப் பக்கமும் முதல்ல சிவப்புத் துணி கட்டித்தான் குச்சி நட்டாங்க டீச்சர். அப்புறம் கம்பி வேலி வந்துச்சு. இப்ப அங்க நாங்க காலு வைக்க முடியாது.”

“இது பிள்ளைங்க பாடத்துக்கும்மா.”

“அவங்களும் ஏதோ ஆராய்ச்சின்னுதான் சொன்னாங்க.”

மகளுக்கு இது தெரியுமா என்று டீச்சர் கேட்டார்.

“எங்கெங்க நட்டீங்கன்னு அவதானே வந்து சொல்றா.”

டீச்சர் அங்கிருந்து கிளம்பினார். நேராகப் படகுக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். “யாருன்னு எனக்குத் தெரியும். அவங்க பொழப்பு அது. நான் எப்படிச் சொல்றது?” என்றார் அவர். அடுத்த வகுப்புக்குப் படகோடு வந்தார். டீச்சரிடம் மட்டும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

மாணவியிடம் டீச்சர் எதுவும் கேட்கவில்லை. குச்சிக்குப் பதிலாக முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டிக்கொண்டார்கள். அப்படியும் சிப்பிக்கார அம்மா நம்பவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கயிறு முழுவதும் பைக்குள் போகும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்துவிட்டுத்தான் எழுந்து போவார்.