கூட்டாமல் விட்ட தடம்

உல்லாசக் கப்பலில் ஐந்து நாளும் எல்லாம் மணிக்கூட்டுப்படி நடந்தது. காங்கேசன்துறையில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் ஏறி வந்த வான் வண்டியின் சக்கர ரயருக்குக் காற்றுப் போய்விடுகிறது. மாற்று ரயரும் இல்லை. சாரதி தொலைபேசியில் யாருடனோ சண்டை பிடிக்கிறார். உச்சி வெயில். என் கால்களுக்குள் கடல் இன்னும் ஆடுகிறது.

எதிரே கூரையில்லாத வீடு. நடு அறைக்குள் வேம்பு வளர்ந்து நிற்கிறது. முற்றத்தை மட்டும் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் கேட்டு உள்ளே போகிறேன்.

"இஞ்சையோ இருக்கிறியள்?"

"இல்லை, மானிப்பாயிலை. ஆமிக்காரர் பிடிச்சு வைச்சிருந்த காணியை விட்ட பிறகு வெள்ளிக்கு வெள்ளி வந்து கூட்டிப்போட்டுப் போறன்."

கிணற்றடியிலிருந்து வாசற்படி வரை மணலில் வெறுங்கால் தடங்கள். அவர் காலில் செருப்பு இருக்கிறது.

"வேறை ஆரும் வந்தவையோ?"

"அண்ணை செருப்புப் போடமாட்டார்," என்கிறார். "காணாமல் போய்ப் பதினேழு வருஷம்."

தடங்கள் வீட்டுக்குள் போகின்றன. திரும்பி வந்ததாக ஒன்றுகூட இல்லை.

ஒருவழியாக ரயர் வந்து சேர, சாரதி கூப்பிடுகிறார். வானில் ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பெண் என் செருப்புத் தடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி அழிக்கிறார். அந்த வெறுங்கால் தடங்களை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்.