நிழலில் காய்ந்த அப்பளம்

போன வாரம் மும்பையில், முலுண்ட் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது, பொரியைச் சிந்திவிட்டது போல. மிதிக்க மனம் வரவில்லை. சும்மா நிற்கவும் கூச்சம். செருப்பு வாரைச் சரிசெய்பவளைப் போலக் குனிந்து கொஞ்ச நேரம் முகர்ந்தேன். லோக்கல் ரயில் போய்விட்டது. தையற்கடையில் தாமதத்துக்கு என்ன சொல்வது? பூ என்றா சொல்ல முடியும்?

அந்த வாசனை எனக்குத் தாராவியில், தோல் பதனிடும் நாற்றத்துக்கு நடுவில்தான் அறிமுகமானது. அறுபதுகளின் தொடக்கம். ஒரு மழைக்காலத்தில் மாஹிம் ஓடை பெருகி எங்கள் சந்துக்குள் வந்து வடிந்தது. பிய்ந்த செருப்பு, சிரட்டை என்று அது விட்டுப்போனவற்றில் புங்கங்காயும் இருந்திருக்க வேண்டும். எங்கள் வாசலோரம் ஒன்று முளைத்தது. அண்ணன் பிடுங்கப் போனான். அப்போதுதான் அவனைக் கல்யாணம் கட்டி வந்திருந்த மைனி தடுத்தாள்.

"விடுங்க. என்னையப் பாக்க வந்த மொத ஆளு அது."

அதுவரை அவளைப் பார்க்க ஊரிலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை.

ஆடு மேயாமலிருக்க, அடி நீக்கிய எண்ணெய் டின்னைச் செடிக்கு மாட்டினாள். அரிசி கழுவிய தண்ணீர், நான் முகம் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். நாலைந்து வருஷத்தில் கூரைக்கு மேல் கிளை விட்டது. ஈயும் காக்கையும் தவிர எதுவும் எட்டிப் பார்க்காத சந்து அது. முதலில் இலைகளில் யாரோ கிறுக்கியது போல வெள்ளைக் கோடுகள். புழு என்று நான் அலறினேன். "தின்னுட்டுப் போட்டும், அதுக்கும் பசிக்கும்லா" என்றாள் மைனி. பிறகு பழுப்புப் பட்டாம்பூச்சிகள். பூத்த வருஷம் தேனீக்கள். ஒருநாள் கட்டைவிரல் அளவில் ஒரு தேன்சிட்டு. அதைப் பார்த்து நின்றதில் அன்றைய சோறு அடிப்பிடித்தது.

எதிர்வீட்டுச் செல்லக்கனியக்காவுக்கு மட்டும் மரம் ஆகவில்லை. அவள் அப்பளம் இட்டுப் பிழைப்பவள். கவிழ்த்த கூடைகளின் மேல் பரப்பிக் காயவைப்பாள். சந்தில் வெயில் விழுவதே அந்த ஒரு துண்டு இடத்தில்தான். அதில் பாதியை மரம் எடுத்துக்கொண்டது. இருவருக்கும் பேச்சு நின்றது. நாலடி தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகப் பேசினார்கள்.

"ஏட்டி, உங்க மைனிகிட்ட கேளு. எம் பிள்ளைகளுக்கு நெழலையா வடிச்சுக் கொட்ட?"

"சொல்லுட்டி அவகிட்ட. வெயில்ல தலையக் கொஞ்சம் காயப்போடச் சொல்லு, புத்தி வரும்."

நான் எடுத்துச் சொல்லத் தேவையே இல்லை, மாஹிம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் அக்கா பக்கமும் நியாயம் இருந்தது. சரியாகக் காயாததை வியாபாரி திருப்பிவிடுவான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசியில் மைனியே இறங்கி வந்தாள். "ஞாயித்துக்கெழம வந்து கெளைகள வெட்டிக்கிடச் சொல்லு." சொல்லிவிட்டு உள்ளே போய், விளக்கின பாத்திரத்தையே திரும்ப விளக்கினாள்.

சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வரத் தாமதம். அக்கா குடத்தோடு திரும்பும்போது உச்சி வெயில். வெயிலில் இருந்த அப்பளமெல்லாம் சுருண்டு, விளிம்பு வெடித்துக் கிடந்தது. மரத்தடிக் கூடையில் மட்டும் தட்டுப் போல நேராகக் காய்ந்திருந்தது. அக்கா அதில் ஒன்றை எடுத்து வியாபாரியைப் போலவே வளைத்துப் பார்த்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், புதிதாக இட்டதையெல்லாம் நிழலுக்குக் கொண்டுவந்து பரப்பினாள்.

ஞாயிறன்று அரிவாள் வரவில்லை.

"வெட்ட வரலியான்னு கேளுட்டி."

"அப்பளம் காயட்டும், வாரேன்னு சொல்லு."

அப்பளம் பல வருஷம் காய்ந்துகொண்டே இருந்தது.

இப்போது அந்தச் சந்து இல்லை, மாடிக் கட்டடம் வந்துவிட்டது. கூடைகள் இல்லை. மைனியும் இல்லை. மரத்தை மட்டும் மதிலோரம் விட்டுவைத்திருக்கிறார்கள். அது மூன்றாவது மாடியைத் தொட்டுவிட்டது. அங்கேதான் செல்லக்கனியக்கா இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, சன்னலில் அரிசியை வைத்துவிட்டு, தின்ன வந்த அணிலை வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா, நீங்களே வச்சிட்டு ஏசுதீங்களே" என்றேன்.

"பொறவு? உங்க மைனி போயிட்டா. நான் யாருகூடச் சண்ட போட?"