நிழலில் பொங்கிய பாட்டில்

2008 மே மாதம், ஒரு சனி ஞாயிறு தாயில்பட்டி போய் வந்தேன். “இந்த வெயிலில் விருதுநகர் பக்கம் யாராவது ஊர் சுற்றப் போவார்களா?” என்று வீட்டில் கேட்டார்கள். நாங்கள் போனதே வெயிலுக்காகத்தான்.

என் நண்பன் கதிரேசன் (ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்) மதுரையில் ஆராய்ச்சி மாணவன். வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது அவன் வேலை. ஒரு மஞ்சள் பொடியில் வேறோர் உலோகத்தை இம்மியளவு கலக்கிறான். அது வெயிலை வாங்கித் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். ஆய்வகத்து விளக்கடியில் வாயு வருவதும் வராததுமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் நல்ல வெயிலில் ஒரு முடிவு காட்டாவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. சனி ஞாயிறு ஆய்வகம் பூட்டு என்பதால் அவன் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினோம்.

மாட்டுத்தாவணியில் காலை 5.40க்குப் பேருந்து, சாத்தூரில் 7.15க்கு இறங்கினோம். கட்டணம் 24 ரூபாய். அங்கிருந்து தாயில்பட்டிக்கு டவுன் பஸ், 5 ரூபாய். கதிர் சோதனைக்காகப் பையில் வைத்திருந்த சல்பைடு உப்பு அழுகிய முட்டையாக நாறியது. கண்டக்டர் மோப்பம் பிடித்துவிட்டார்.

“என்னண்ணே இது, வெடி மருந்தா? பஸ்ல மருந்து ஏத்தக் கூடாதுன்னு தெரியும்ல?”

“வெடிக்காதுண்ணே, வெறும் உப்பு.”

“உப்பு ஏன் இம்புட்டு நாறுது?” என்றவர், எங்களைக் கடைசி இருக்கைக்குத் தள்ளிவிட்டார்.

நாங்கள் போனபோது முத்துமாரி அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. புடவைக்கு மேலே, சாம்பல் நிறப் பொடி படிந்த ஓர் ஆண் சட்டை. “வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?” என்றபடியே சோதனைக்கு நாங்கள் கொண்டுபோன இரண்டு பாட்டில்களையும் வாங்கிக் கழுவி, சட்டை நுனியைக் குச்சியில் சுற்றி உள்ளே ஈரம் போகத் துடைத்துக் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினார். தம்பி மீது இவ்வளவு பாசமா என்று நான்கூட நெகிழ்ந்துபோனேன்.

ஒன்பதரைக்கு உப்புக் கரைசலும் மஞ்சள் பொடியும் ஊற்றி, ஒரு பாட்டிலை வெயிலில் வைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றைக் கறுப்புத் துணியால் மூடி நிழலில் வைத்தோம்; வெயில் படாத அதில் வாயு வரக் கூடாது. வரும் வாயுவை அளக்க, ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் ஒரு சிரிஞ்சுக்குக் குழாய். மூன்றரை மணிக்கு வெயில் பாட்டிலின் சிரிஞ்சு 11 மில்லி காட்டியது. கதிர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். நான் படமாக எடுத்துத் தள்ளினேன். மூடி வைத்த பாட்டில் ஒன்று இருப்பதையே இருவரும் மறந்துபோனோம்.

ஐந்தரைக்கு வந்த அக்காதான் அந்தத் துணியை விலக்கினார்.

“ஏலே கதிரு, வெயிலே படாம இதுவும் பொங்குதே?”

எட்டு மில்லி. கதிர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பாட்டிலைப் பார்த்தார், தன் சட்டை நுனியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“அலுமினியப் பொடிலே. ஈரம் பட்டா கம்பெனியிலயும் இப்படித்தான் பொங்கிச் சூடாகும். நாந்தான் கெடுத்துட்டேன்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. வெயில் பாட்டிலை மட்டும் பேராசிரியரிடம் சொன்னால் போதாதா என்று கேட்டேன். கதிர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “வேண்டாம் தம்பி. மருந்துல ஒரு தப்பு நடந்தா நாங்க அங்கனயே சொல்லிருவோம். சொல்லாம விட்டா அடுத்து தொடுறவ கை போயிரும்.” வெட்கமாக இருந்தது எனக்கு.

ஞாயிறன்று புதுப் பாட்டில்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசியதோடு சரி, யாரும் துடைக்கவில்லை. அக்கா தலைக்குக் குளித்துவிட்டும் பக்கத்தில் வராமல் படியிலேயே நின்றார். மூன்றரைக்கு வெயிலில் 3 மில்லி. துணியை விலக்கக் கதிருக்குத் துணிவு வரவில்லை, அக்காவைத்தான் கூப்பிட்டான். அவர் ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, “ஒண்ணுமே இல்லலே!” என்று கத்தினார்.

போகிறவர்களுக்கு: இருவருக்கும் போக வர 116 ரூபாய்தான் ஆயிற்று. இந்தப் பக்கம் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் பையில் வேண்டாம். மே மாதம் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். சோதனை எதுவும் செய்வதாக இருந்தால், நிழல் பாட்டிலை முதலில் பாருங்கள்.

பேராசிரியரும் போனில் அதைத்தான் முதலில் கேட்டார். பூஜ்யம் என்றதும், “மூணே போதும்ப்பா. தைரியமா எழுது” என்றார். முந்தைய நாள் நடந்ததைக் கேட்டுவிட்டு, ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்கா பெயர் வர வேண்டும் என்றும் சொன்னார்.

கதிர் விஷயத்தைச் சொன்னபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “எம்பேரு போட்டுக்க. ஆனா பொடி எஞ்சட்டையில வந்துச்சுன்னு எழுதிராத, என்ன? மருந்தை வீட்டுக்குக் கொண்டு வாராள்னு வேலையை விட்டு நிறுத்திருவாக.”