வான்கோழி ரத்தமும் காப்புக்கட்டும்

அட்ரினலின் என்கிற ஹார்மோன் செல்லுக்குள் காலெடுத்து வைப்பதே இல்லை. வெளிச்சுவரில் தனக்கென்று இருக்கும் ஏற்பியைத் தொடும், அவ்வளவுதான். உடனே உள்ளே ஒரு நொதி விழித்துக்கொண்டு இரண்டாவது தூதன் ஒருவனை உண்டாக்கும். மிச்ச வேலையெல்லாம் அந்தத் தூதனுடையது. எண்பதுகளின் நடுவில் மதுரையில் எம்.ஃபில். படித்தபோது உலகத்தில் இதைவிட முக்கியமான சங்கதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இன்று இதற்குச் செல் சமிக்ஞை என்று பெயர் வைத்துத் தடித் தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். அன்று எங்களுக்கு இருந்தது, பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு ஜெராக்ஸ் கட்டு. அதிலும் பாதிப் பக்கம் கறுத்துப்போயிருக்கும்.

உதவித்தொகையோடு பிஎச்.டி. சேர அந்த வருடம் துறையில் இருந்தது ஒரே இடம். ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர், நானும் ஒரு வகுப்புத் தோழனும். எம்.ஃபில். ஆய்வில் யாருக்கு நல்ல முடிவு வருகிறதோ அவருக்குத்தான் இடம் என்று பேராசிரியர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். என் சோதனைக்காகக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய மருந்தைப் பம்பாயிலிருந்து வரவழைத்தார். ஈயப் பெட்டியில் வரும் அந்தச் சரக்கை நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும் இரண்டு வாரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறைதான் அதை வாங்கத் துறைக்கு வசதி இருந்தது.

சோதனைக்குப் பறவையின் சிவப்பணு வேண்டும். ஜெராக்ஸ் கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வான்கோழியில்தான் செய்திருந்தார்கள். வான்கோழிக்கு எங்கே போவது என்று துறையே விழித்தபோது நான்தான் முந்திக்கொண்டு, எங்கள் பக்கம் கிடைக்கும் என்றேன். கம்பத்துக்குக் கீழே எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், கத்தோலிக்கர்கள் ஊர். அங்கே ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் கறிக்காக வான்கோழி வளர்த்தார்கள். சரக்கு வந்து சேர்ந்த மறுநாளே தெர்மாஸ் குடுவையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டம்மா கோழியின் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் ஊசியில் ரத்தம் எடுத்தேன்.

"ஏத்தா, கறி வேணாமா? ரத்தம் மட்டும் போதுமா?"

"போதும் அத்தை."

"பெரிய படிப்புப் படிச்சவுக எல்லாரும் இப்பிடித்தான் இருப்பாக போல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாளில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

கம்பத்து ஐஸ் கம்பெனியில் வாங்கி வந்திருந்த ஐஸைக் குடுவையில் நிரப்பி, ரத்தக் குழாய்களை அதில் செருகி, இரவு வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்புவதாகத் திட்டம். வீட்டுக்குள் நுழையும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது. ஊர் அம்மனுக்கு அன்று காப்புக்கட்டு. பாஸ்பரஸின் கணக்கையே மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அம்மனின் கணக்கு மறந்தே போயிருந்தது. காப்புக் கட்டும் இரவில் ஊருக்குள் இருப்பவர், பத்து நாள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. அன்றிரவு ஊருக்குள் வராமல் மதுரையிலேயே இருந்திருந்தால் என்னை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் பையை எடுத்தேன். அப்பா வாசலில் நின்றார். அந்த வருடத் திருவிழாக் கமிட்டியில் அவரும் ஒருவர்.

"எங்க கெளம்பிட்ட?"

"மதுரைக்குப்பா. ரத்தம் கெட்டுப்போகும்."

"காப்புக் கட்டியாச்சு. நம்ம வீட்டுலயே எல்லை தாண்டுனா ஊர் என்ன சொல்லும்? இருந்து மொளப்பாரி தூக்கிட்டுப் போ."

பகலில் போய்விட்டு இரவுக்குள் திரும்புகிறேன் என்று வாதாடிப் பார்த்தேன். வாதாடும்போதே அது நடக்காது என்று எனக்குத் தெரியும். போக வர பஸ்ஸிலேயே பகல் கழிந்துவிடும். சோதனையோ விடிய விடிய உடனிருந்து பார்க்க வேண்டியது.

மறுநாள் அண்ணனைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"கொச்சிக்குத் திராட்சை லோடு போயிருக்கு. பழம் அழுகிரும்ல. அங்கன தங்கிட்டு நாளைக்கு வருவான்."

நேராக அப்பாவிடம் போனேன். "அண்ணன் மட்டும் எல்லை தாண்டி ராத்தங்கலாமா?"

"அவன் ஏவாரத்துக்குப் போயிருக்கான்."

"நானும் வேலைக்குத்தானப்பா போகணும்னு சொல்றேன்."

"ஏவாரமும் கோழி ரத்தமும் ஒண்ணா?"

அவர் கத்தவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திராட்சை அழுகும் என்றால் அந்த வீட்டில் எல்லோரும் பதறினார்கள். என் குடுவைக்குள் ஐஸ் கரைவது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. சாமி சாட்டியிருக்கும் நேரத்தில் ரத்தத்தை உள்ளே வைக்க யார் விடுவார்கள்? கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாம் நாள் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் முழுக்கச் சிவந்திருந்தது. அணுக்கள் எல்லாம் உடைந்துவிட்டன. கொல்லையில் வாழைக்கடியில் கொட்டினேன்.

அன்றைக்கே கம்பம் தபாலாபீஸுக்குப் போய்ப் பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே, "சரிம்மா, சீக்கிரம் வா," என்றார். சீக்கிரம் என்றால் எப்போது என்று அவர் கேட்கவில்லை. சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை.

முளைப்பாரி நன்றாக வளர்ந்திருந்தது. வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். வெளிச்சம் என்கிற தகவல் வந்து சேராத நாற்று தண்டு நீண்டு, பச்சை பிடிக்காமல் மஞ்சளாக வெளுத்து நிற்கும். அந்த வெளுப்பைத்தான் எல்லோரும் கண்ணு படுகிற அழகு என்றார்கள். தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். குலவை போட்ட பெண்கள், படித்த பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் பாரு என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காப்பு அவிழ்த்த மறுநாள் மதுரை போய்ச் சேர்ந்தேன். ஆய்வகத்தில் ஈயப் பெட்டி திறந்து கிடந்தது. தோழன் சந்தையில் புறா வாங்கி, அதன் ரத்தத்தில் சோதனையை முடித்திருந்தான். வான்கோழி இல்லாவிட்டால் புறாவும் சரிப்படும் என்று அதே ஜெராக்ஸ் கட்டில், கறுத்த பக்கம் ஒன்றில், இருந்ததாம். கிராஃப் தாளில் அவனுடைய கோடு படிப்படியாக அழகாக ஏறியிருந்தது. நான் வரைய வேண்டிய கோடு. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேராசிரியர் உட்காரச் சொன்னார். "ஐசோடோப் யாருக்காகவும் காத்திருக்காதும்மா. வீணாப் போறதுக்கு அவன் பண்ணட்டும்னு குடுத்துட்டேன்."

அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதனால்தான் அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"சார், அடுத்த தடவை வாங்கும்போது எனக்குத் தருவீங்களா? அதுவரைக்கும் இடத்தை..."

"அடுத்தது வர ஒரு வருஷம் ஆகும்மா. அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிரும். நூலகத்துல உக்காந்து, வந்த கட்டுரைகளை எல்லாம் தொகுத்து எழுதிக் குடு. எம்.ஃபிலுக்கு அது போதும்."

அன்பாகத்தான் சொன்னார். இதையே அப்பா சொல்லியிருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். இவரிடம், "சரி சார்," என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு நடந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது அதற்கு ஆறு வருடம் கழித்து. அதற்குள் தோழன் பிஎச்.டி. முடித்து, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியும் வந்துவிட்டான்.