பாலிஷ் டப்பா மைக்

தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கம் வரை மூன்று வருடம் மின்சார ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வந்தவர் அவர். சினிமா ஸ்டுடியோவில் சவுண்ட் என்ஜினீயர். ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். எங்கே உட்கார்ந்தாலும் விரல் முட்டியால் மூன்று முறை தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார்.

இரும்புலியூரில் நான் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பையோடு வந்தார். உள்ளே ஒரு சின்ன டேப் ரெக்கார்டர், ஷூ பாலிஷ் டப்பாவில் அவரே செய்த மைக். செட்டில் எந்தப் பலகை கிரீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்கச் செய்ததாம். அதை ஹால் தரையில் கவிழ்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சு சார்?"

"ஏரிதான். மண் கொட்டி மேடாக்கிட்டாங்களே."

"அது இன்னும் காலி பண்ணல சார்."

தட்டிய சத்தத்தைக் கேசட்டில் பதிவு செய்து என்னிடம் தந்தார். "வருஷா வருஷம் மழை விட்டதும் இதே எடத்துல தட்டுங்க. இதுல கேக்குற மாதிரியே கேட்டா பயமில்ல."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நல்ல நாளில் இப்படிப் பேசிவிட்டாரே என்ற கோபத்தில் கேசட்டைப் பரணில் எறிந்தேன். ரயிலிலும் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டேன்.

இத்தனை வருடம் தட்டிப் பார்க்காதவன், இந்த ஐப்பசி மழை விட்டதும் ஏனோ ஹால் தரையில் தட்டினேன். வெறும் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. கேசட்டை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். போட்டுக் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.